அழகர் நேற்றுதான் வந்தாரா?

கேள்வி: வயது 58. சிறுவயதில் ஒரு சித்திரைத் திருவிழாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு யுகம் கிடந்தது. இப்போது அழகர் நேற்றுதான் மலைக்குத் திரும்பியது போலிருக்கிறது, அதற்குள் அடுத்த கொடியேற்றம். பூமி வேகமாகச் சுற்றுகிறதா?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: பூமி மேல் சந்தேகம் வேண்டாம். நிலவின் இழுப்பால் அது யுகக்கணக்கில் மெல்ல வேகம் குறைந்துதான் வருகிறது. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். அதில் யாரும் கை வைக்கவில்லை.

ஆனால் இதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், பெரியார் பஸ் நிலையத்தில் காத்து நின்ற முக்கால் மணி நேரம் நகரவே இல்லை என்றும் புலம்பியிருக்கிறீர்கள். வருஷம் பறக்கிறது, முக்கால் மணி நேரம் நொண்டுகிறது! இரண்டும் நிஜம்தான். காத்து நிற்கும்போது கவனமெல்லாம் கடிகாரத்தில். வருஷத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, நினைவில் என்ன மிச்சமோ அதை வைத்துத்தான் நீளம் போடுகிறோம்.

பிரான்சின் நிலவியலாளர் மிஷேல் சிஃப்ர் 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரமில்லாமல் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14 அன்று வெளியே கூப்பிட்டபோது அவர் கணக்கில் ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது. ஒரே இருட்டு, ஒரே குளிர். 25 நாள் காணாமல் போய்விட்டது.

பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருஷம் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 58இல் ஒன்று, அதனால்தான் சுருங்குகிறது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்கு உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. மகள் கல்யாணம் நடந்த வருஷம் மட்டும் நீண்டு கிடந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே?

சரி, அழகருக்கு வருவோம். ஏழு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததற்கு உங்கள் கடிதத்தில் ஒன்றரைப் பக்கம். வைகை மணலில் விடிய விடியக் காத்திருந்தது, யாரோ ஏந்திய சர்க்கரைச் செம்பின் மேல் எரிந்த சூடம் சுட்டுச் சட்டையில் ஓட்டை விழுந்தது, தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் காதுக்குள் போனது, கூட்டத்தில் புளியோதரைப் பொட்டலம் தொலைந்ததற்கு அம்மாவிடம் வாங்கிய திட்டு. போன வருஷத்துக்கு ஒரே வரி: "டி.வி.யில் பார்த்தேன்."

மதுரைப் பக்கம் யாரும் முதலில் கேட்பது, அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார் என்பதைத்தான். அதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. பச்சையா, சிவப்பா? யாரையும் கேட்காமல் எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.