மாலேயை விட்டு வர மனசில்லை

அன்புள்ள அக்கா,

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் இங்கே ஒரு பள்ளியில் ஏழு வருடமாகக் கணக்கு டீச்சர். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஆறு வாரத்தில் ஊருக்கே வந்துவிடுவேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் மனசில்லை. கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னால், "இந்தக் கான்கிரீட் காட்டில் அப்படி என்ன இருக்கிறது?" என்கிறார்கள். சொந்த ஊரைவிடப் பிழைக்க வந்த ஊர் பிடித்துப்போவது தப்பா? கையில் காசு, கேள்வி கேட்க ஆள் இல்லாத சுதந்திரம், இதைத்தான் ஊர்ப்பாசம் என்று நினைத்துக்கொள்கிறேனா?

அன்புடன்,
ஒரு வாசகி, மாலே

அன்புள்ள டீச்சர்,

தப்பே இல்லை. காசும் சுதந்திரமும் உங்கள் பிரியத்தில் கலந்துதான் இருக்கும். அதனால் என்ன? தன் சம்பளத்தில் அறை எடுத்து, சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கடலோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வர உங்களுக்கு இடம் கொடுத்தது அந்த ஊர்தானே. ஊர் வேறு, அது கொடுத்தது வேறு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்ட வருத்தம் வேறு. இந்தப் பிரியத்தை யாரிடம் சொன்னாலும் புரியாது என்பதுதான் அது. மாலத்தீவு என்றதும் நம் ஊரில் வெள்ளை மணலும் தண்ணீர் மேல் கட்டிய குடிலும்தான் நினைவுக்கு வரும். அந்தக் குடிலில் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் ஊர் திரும்பும் டீச்சர்கள்தான் நம்மில் அதிகம். நம்முடைய மாலத்தீவு மாலே. சுமார் 2 சதுர கிலோமீட்டர், அதற்குள் லட்சத்துக்கும் மேல் ஜனம். மஜீதீ மகு என்ற பெரிய தெருவில் மோட்டார் சைக்கிள் இடிக்காமல் நடப்பதே ஒரு வித்தை. அதை ஒருத்தி ஏழு வருடம் நேசித்தாள் என்றால் கேட்பவர்களுக்கு விளங்காது. எனக்கு விளங்குகிறது.

எனக்கு அங்கே பிடித்ததே அந்த நெருக்கம்தான். ஒரு டீச்சர் அந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் நடந்துபோக முடியாது. மீன் சந்தைக்குப் போனால் சூரை மீனை நாலே வெட்டில் துண்டாக்கிக்கொண்டிருப்பவர் என் மாணவனின் மாமா. பக்கத்துக் காய்கறிச் சந்தையில் வாழைத்தார்களுக்கு நடுவிலிருந்து "மிஸ்!" என்று ஒரு குரல் வரும். முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. அப்புறம், யாரும் கூப்பிடாமல் வீடு வந்து சேர்ந்த நாள் வெறுமையாக இருக்க ஆரம்பித்தது. பெரிய நகரத்தின் கடையும் வெளிச்சமும் வேண்டும், கிராமத்தைப் போல முகம் தெரிந்தவர்களும் வேண்டும் என்றால், அதைக் கொடுத்த ஊர் எனக்கு அது ஒன்றுதான். அங்கே வீட்டுக்கு எண்ணைவிடப் பெயர்தான் முக்கியம். ஹென்வேரு, கலொளு, மாஃபன்னு, மச்சங்கொளி என்று பேட்டையையும் வீட்டின் பெயரையும் சொன்னால் போதும். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் முகவரியைப் படிப்பது பாட்டுப் படிப்பது போல இருக்கும்.

2014 டிசம்பர் 4 அன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. குழாய் நின்றுவிட்டது. ஊர் முழுவதும் அந்த ஒரு தண்ணீரை நம்பித்தான் இருந்தது. இந்தியாவிலிருந்து விமானத்தில் தண்ணீர் வந்தது, ஐ.என்.எஸ். சுகன்யா கப்பலும் வந்தது. அது வருவதற்கு முன்பே, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா மூன்று மாடி ஏறி வந்து இரண்டு பாட்டில் தண்ணீரை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் நாலு பிள்ளைகள். அன்றைக்குத்தான் மாலேயை 'என் ஊர்' என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். மாலையில் ஹோட்டா என்கிற டீக்கடையில் குல்ஹா, மஸ்ரோஷி என்று மீன் வைத்த பலகாரங்கள் தட்டு நிறைய வர, கூடவே ஒரு கலு ஸை, அதாவது பால் இல்லாத டீ. 1658இல் பவளக் கல்லில் செதுக்கிக் கட்டிய ஹுக்குரு மிஸ்கீ பள்ளிவாசலின் சுவரை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பது. தூத்துக்குடித் தோணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் துறைமுகத்துப் பக்கம் போய், வெங்காய மூட்டை இறக்குகிறவர்களின் நெல்லைத் தமிழைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வருவது. அந்தத் தமிழைக் கேட்டால் ஊர் ஞாபகம் வரும், ஆனால் ஊருக்குப் போகத் தோன்றாது. உங்களுக்கும் அப்படித்தானா?

ஊருக்கு வந்தபின் முதல் சில மாதம் கஷ்டமாக இருக்கும், மறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் உடம்பு தானாக விடுமுறை கேட்கும். கருவாட்டுக் கடையில் மாலத்தீவு மாசிக் கருவாட்டுத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அப்படியே நின்றிருக்கிறேன், கடைக்காரர் இரண்டு தடவை விலை சொல்லும்வரை. இதையெல்லாம் வீட்டில் விளக்க முயன்று சோர்ந்துபோகாதீர்கள். எழுதி வையுங்கள், இல்லை எனக்கு எழுதுங்கள்.

ஆறு வாரம் இருக்கிறது, ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் ஊர் திரும்பியது 2016இல், விமான நிலையம் இருக்கும் பக்கத்துத் தீவுக்குப் பாலம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு. விமான நிலையத்துக்கு தோனி என்கிற அந்த ஊர்ப் படகில்தான் போனேன். படகு கரையைவிட்டு விலகியதும் மாலே முழுவதும் ஒரே பார்வையில் அடங்கி நின்றது. உள்ளே இருந்த வருடங்களில் அதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. இரண்டு பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், போதவில்லை. நீங்கள் பாலத்தின் மேல் காரில் போய்விடுவீர்கள். அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தீவான வில்லிங்கிலிக்குப் படகேறுங்கள். பத்து நிமிடப் பயணம்தான். போகும்போது பின்பக்கம் பார்த்து உட்காருங்கள்.