குழுவை விட்டுத் தனி மேடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குழுவிலிருந்து பிரிந்துபோன மேல்நாட்டுப் பாப் பாடகர்கள் உடனே ஜெயித்துவிட்டார்களா? – வாசகர், திருவாரூர்

பதில்: எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. ஸெய்ன் மாலிக் 2015 மார்ச்சில் ஒன் டைரக்ஷன் குழுவை விட்டார். 2016 ஜனவரியில் வந்த முதல் தனிப்பாட்டே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டேக் தட் குழுவை 1995-ல் விட்ட ராபி வில்லியம்ஸுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. 1997-ல் வந்த முதல் ஆல்பம் மந்தமாகவே விற்றது. அதிலிருந்து நான்காவது சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) வந்த பிறகுதான் விற்பனை ஏறியது. சேர்ந்து பாட்டெழுத கை சேம்பர்ஸ் (Guy Chambers) என்பவர் கிடைத்தது அவருக்குப் பெரிய பலம். நீங்களும் தனியாகப் பாடப்போவதானால், கையிலிருக்கும் பணம் முழுவதையும் முதல் பாட்டின் வீடியோவிலேயே கொட்டிவிடாதீர்கள். நான்கு பாட்டுக்குப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். எப்போது, எப்படி விலகுவது? – வாசகி, கும்பகோணம்

பதில்: புரட்டாசியில் சொல்லிவிட்டு ஐப்பசியில் விலகுங்கள். மாசி முதல் ஆடி வரை டெல்டாவில் கோயில் மேடைகள் ஓய்வதில்லை. அதற்குப் பிறகு வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8 வரை போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிக் கச்சேரி குறையும், மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை முகூர்த்தத்துக்குள் தயாராக அந்த இடைவெளி போதும்.

உங்களை நம்பி அட்வான்ஸ் வாங்கிய தேதிகளைப் பாடிக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள். விழாக் கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்பவர்கள். குத்தாலத்தில் மேடை ஏறாத செய்தி மறுநாளே பூம்புகாருக்குப் போய்விடும்.

குழுவின் பெயரை உங்கள் பேனரில் போட வேண்டுமானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஜாக்சன் சகோதரர்கள் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியை விட்டு வேறு கம்பெனிக்குப் போனபோது ‘ஜாக்சன் 5’ என்ற பெயர் மோடவுனிடமே தங்கிவிட்டது. அவர்கள் ‘தி ஜாக்சன்ஸ்’ ஆனார்கள். உங்கள் மேடைப் பெயரை, பொழுதுபோக்குச் சேவைக்கான 41-ம் வகுப்பில் வணிகக் குறியாகப் பதியலாம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். யூடியூப் சேனல் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பதையும் விலகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இப்போது தனியாக, டிராக் (பதிவுசெய்த வாத்திய இசை) போட்டுப் பாடுகிறேன். வீட்டில் எட்டும் உச்சஸ்தாயி மேடையில் உடைகிறது. ஸ்பீக்கரில் உறுமல் வேறு. – வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் குரலைப் பார்ப்போம். குழுவில் மற்றவர்கள் பாடும்போது உங்கள் தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. களைப்பு தெரிந்தால் கீபோர்டுக்காரர் சொல்லாமலே சுருதியை அரைக் கட்டை இறக்கித் தருவார். டிராக் அப்படி இறங்கி வராது. பாட்டின் உச்ச ஸ்வரம், வீட்டில் நீங்கள் எட்டும் உச்சத்துக்கு ஒரு ஸ்வரமாவது கீழே இருக்கும்படி ஸ்கேலை (சுருதியை) வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மாறாமல் ஸ்கேலை மட்டும் இறக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஒரு கட்டைக்கு மேல் இறக்கினால் தபேலாவும் வயலினும் குழைந்துபோகும். அதற்குப் புதிதாகவே புரோகிராம் செய்யச் சொல்வது நல்லது. உச்சப் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் இரண்டு கீழ்ஸ்தாயிப் பாட்டையாவது வையுங்கள்.

உறுமல் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர் வழியாக வருவது. ஜெனரேட்டரில் எர்த் சரியில்லாவிட்டால் இன்னும் கூடும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். நிரந்தரத் தீர்வு ஒரு டிஐ பாக்ஸ் (DI box) என்ற சிறு இணைப்புப் பெட்டி. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே அதை மாட்டி, எர்த் இணைப்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மைக் செட்காரர் ஒரே வயரை இடது பக்கம் மட்டும் செருகினால் ஸ்டீரியோ டிராக்கில் பாதி வாத்தியம் காணாமல் போகும். முன்கூட்டியே மோனோவாக (இரு பக்க ஒலியும் ஒன்றாக) மாற்றிக் கேட்டுவிடுங்கள். டிராக்குகள் வேவ் (WAV) கோப்பு வடிவில் இருக்கட்டும். இன்னொரு பிரதி ஏரோப்ளேன் மோடில் போட்ட போனில் இருக்கட்டும்.

கேள்வி: சினிமாப் பாட்டை என் சேனலில் பாடிப் போட்டால் உரிமைக் கோரல் வருகிறதே? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: வாத்தியம் முழுக்க நீங்களே வாசித்தாலும் மெட்டும் வரிகளும் உங்களுடையவை அல்ல, விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். சொந்தப் பாட்டு என்றால் ஒலிப்பதிவுக்கு முன்பே மெட்டு, வரி, ஒலிப்பதிவு மூன்றும் யாருக்கு என்று இசையமைப்பாளரோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். பாடியவர் என்ற முறையில் உங்களுக்குள்ள நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு நீடிக்கும். அதை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் வரி ஏதும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.