தொலைவிலிருந்து துணை நிற்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் லென்கா பழங்குடித் தலைவர் பெர்த்தா காசெரெஸ் கொல்லப்பட்டபோது பல நாடுகளிலிருந்தும் கண்டனங்கள் எழுந்தன. அந்த ஆதரவால் அங்குள்ள மக்களுக்கு நடைமுறையில் ஏதேனும் பயன் விளைந்ததா?

பதில்: விளைந்தது, ஆனால் அது கண்டன அறிக்கைகளால் மட்டும் விளைந்ததன்று. லென்கா பழங்குடி மக்கள் புனிதமாகக் கருதும் குவல்கார்க்கே ஆற்றில், அவர்களின் ஒப்புதல் இன்றியே அகுவா சார்க்கா நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டது. 2013 ஏப்ரலில் ரியோ பிளாங்கோ மக்கள், பெர்த்தா தலைமையேற்றிருந்த, லென்கா மக்களின் உரிமைக்காகப் போராடும் கோபின் அமைப்பின் துணையுடன் சாலையை மறித்தனர். அவ்வாண்டே சீனாவின் சைனோஹைட்ரோ நிறுவனம் கட்டுமான ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஆயினும் நெதர்லாந்தின் எஃப்எம்ஓ, பின்லாந்தின் ஃபின்ஃபண்ட் ஆகிய வளர்ச்சி நிதி நிறுவனங்கள் திட்டத்துக்குக் கடன் வழங்கின. இரண்டிலும் பெரும்பங்கு அந்தந்த நாட்டு அரசுகளுக்கு உரியது என்பதால், அந்நாட்டுக் குடிமக்களுக்குத் தங்கள் அரசை நேரடியாகக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டதே இங்கு நான் முதன்மையாகக் கருதும் செய்தி. 2016 மார்ச் 2 இரவு லா எஸ்பெரான்சா நகரில் பெர்த்தா சுட்டுக்கொல்லப்பட்ட பின் கடன்கள் நிறுத்தப்பட்டன. 2017இல் இரு நிறுவனங்களும் முற்றிலுமாக வெளியேறின. எஃப்எம்ஓ கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கோபின் அதனை எச்சரித்திருந்தது என்பதை நினைக்கும்போது, இந்த வெளியேற்றத்தை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

வழக்கிலும் வெளிநாட்டவரின் துணை பயன்பட்டது. அன்றிரவு அதே வீட்டில் தங்கியிருந்த மெக்சிகோ நாட்டுச் சூழலியல் செயற்பாட்டாளர் குஸ்தாவோ காஸ்ட்ரோ, காயமடைந்தும் உயிர்தப்பி, கொலையின் நேரடிச் சாட்சியானார். பெர்த்தாவின் குடும்பத்தாரும் கோபினும் கேட்டுக்கொண்டதன்பேரில் பல நாட்டு வழக்கறிஞர்கள் ஐவர் தனிக் குழுவாகக் கூடி, தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து, அணை நிறுவனத்தின் உயர்மட்டத்துக்கும் கொலைக்குமான தொடர்பை 2017இல் அறிக்கையாக வெளியிட்டனர். அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த தாவித் காஸ்தியோவை 2021இல் நீதிமன்றம் குற்றவாளி என அறிவித்தது. மறு ஆண்டு அவருக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கேள்வி: ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அமெரிக்கக் கண்டத்தின் தொல்குடிகள் அல்லர். அவர்கள் எந்த அடிப்படையில் மரபுவழி நில உரிமையைக் கோருகிறார்கள்?

பதில்: இதே கேள்விக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2007இல் சரமாக்கா மக்களின் வழக்கில் விடை கூறியிருக்கிறது. அப்போது டச்சு ஆட்சியில் இருந்த தென் அமெரிக்கச் சுரினாமில் அடிமைகளாகத் தோட்டங்களில் வேலை வாங்கப்பட்ட அம்மக்களின் முன்னோர் தப்பிச் சென்று, மழைக்காட்டில் தங்களுக்கெனச் சமூகத்தை அமைத்துக்கொண்டு போரிட்டனர். 1762இல் டச்சுக்காரர்கள் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. நிலத்தோடு அவர்களுக்குள்ள பிணைப்பும், குலமுறையில் அமைந்த கூட்டு உடைமையும் பழங்குடிகளுக்கு உள்ளவற்றை ஒத்தவை என்பதால் அதே பாதுகாப்பு அவர்களுக்கும் உரியது என்றும், அவர்களது வாழ்நிலத்தைப் பெரிதும் பாதிக்கும் பெருந்திட்டங்களுக்கு அவர்களின் சுதந்திரமான முன்ஒப்புதல் தேவை என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலம்பியாவோ அதற்கு முன்னரே, 1993இல், 70ஆம் எண் சட்டத்தின் வழியாகப் பசிபிக் கரையோரக் கறுப்பினச் சமூகங்களின் கூட்டு நில உரிமையை ஏற்றது. ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்துக்குக் கூட்டுப் பட்டாக்கள் வழங்கப்பட்டன. பட்டா கிடைத்த பின்னும் அங்கு ஆயுதக் குழுக்களால் மக்கள் விரட்டப்பட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: வெளியார் குரல் கொடுப்பது ஒரு நாட்டின் இறையாண்மையில் தலையிடுவதாகாதா?

பதில்: ஹோண்டுராஸ் அரசு பழங்குடி மக்கள் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் எண் உடன்படிக்கையை 1995இல் தானே முன்வந்து ஏற்றது, நான் மேலே குறிப்பிட்ட நீதிமன்றத்தின் அதிகாரத்தையும் 1981 முதல் ஏற்றிருக்கிறது. கொடுத்த வாக்கை நிறைவேற்றுமாறு கேட்பது தலையீடாகாது. மேலும், அணை கட்ட வெளிநாட்டுப் பணம் எல்லை தாண்டி வரலாம், அதனால் பாதிக்கப்பட்டவருக்கான ஆதரவு மட்டும் எல்லையில் நிற்க வேண்டும் என்பது நியாயமான வாதமாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சாதகமான தீர்ப்பு கிடைத்துவிட்டால் வெளிநாட்டு ஆதரவுக் குழுக்களின் பணி முடிந்துவிடுகிறதா?

பதில்: பெரும்பாலும் அப்போதுதான் கடினமான பணி தொடங்குகிறது. ஹோண்டுராஸின் கரீபியக் கரையில் வாழும் கரிஃபுனா மக்கள், செயிண்ட் வின்சென்ட் தீவிலிருந்து 1797இல் பிரித்தானியரால் நாடுகடத்தப்பட்டவர்களின் வழியினர். அவர்களின் த்ரியுன்ஃபோ தெ லா குரூஸ் ஊரின் கூட்டு நில உரிமையை ஹோண்டுராஸ் மீறியது என்று 2015இல் அதே மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. நிலம் மீளவில்லை. 2020 ஜூலை 18 அன்று, காவல்துறைச் சீருடை அணிந்த ஆயுததாரிகள் அவ்வூர்க் குழுத் தலைவர் உள்ளிட்ட கரிஃபுனா ஆண்கள் நால்வரைக் கடத்திச் சென்றனர். அவர்கள் வீடு திரும்பவில்லை.

ஆகவே, ஆதரவளிக்க விரும்புவோர் அம்மக்களின் அமைப்பான ஒஃப்ரானே என்ன கோருகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். கடத்தப்பட்டவர்களைத் தேடும் பணியில் குடும்பத்தாருக்கு இடமளிக்க வேண்டும், தீர்ப்பை முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். வெளியிலிருப்போர் தமக்குப் பிடித்த வேறொரு கோரிக்கையை அவற்றின் இடத்தில் வைக்காமல், இவற்றையே தத்தம் அரசுகளிடமும் தூதரகங்களிடமும் ஆண்டுக்கணக்கில் விடாது எழுப்பிவர வேண்டும்.