ஜெனரேட்டருக்காக டபுள் கேப் வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பந்தல், மேசை, நாற்காலி, சமையல் அண்டா ஆகியவற்றைத் திருமணங்களுக்கும் கோவில் விழாக்களுக்கும் வாடகைக்குக் கொடுக்கிறேன். தொழில் என் சொந்தப் பெயரில் இருக்கிறது. வாட் பதிவும் உண்டு. அப்பா விட்டுச் சென்ற பெட்ரோல் பக்கி (பின்னால் திறந்த சரக்குப் பெட்டியுள்ள வண்டி), பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் பந்தல் டிரெய்லரை இழுக்க முடியாமல் திணறுகிறது. அந்த டிரெய்லரின் ஜி.வி.எம்., அதாவது சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, 2,000 கிலோ. ஜெனரேட்டர் ஏற்றிய இன்னொரு டிரெய்லர் 2,900 கிலோ. இரண்டிலும் ஓவர்ரன் பிரேக்தான் (டிரெய்லர் முன்னால் உந்தும்போது தானாகப் பிடிப்பது). ஜெனரேட்டர் ஆண்டுக்குப் பத்து முறைதான் வெளியே போகும். அதற்கு ஒவ்வொரு முறையும் 4,500 ராண்ட் கொடுத்து லாரி பிடிக்கிறேன். 3,500 கிலோ இழுக்கும் புதிய டபுள் கேப் (பின் இருக்கையும் உள்ள பக்கி) 760,000 ராண்ட். ஐந்து ஆண்டு ஓடிய டர்போ டீசல் சிங்கிள் கேப் (முன் இருக்கை மட்டும் உள்ள பக்கி) ஒன்று, ஒரு டீலரிடம் 360,000 ராண்டுக்கு இருக்கிறது. கையில் 130,000 ராண்ட் வைத்திருக்கிறேன். நல்ல மாதத்தில் செலவு போக 30,000 நிற்கும். புரட்டாசியில் 9,000 நிற்பதே அரிது. டபுள் கேப் வாங்கினால் குடும்பமும் ஏறிப் போகலாம், விலையில் ஒரு பங்கைக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் பலூன் முறையில் தவணையும் குறையும் என்கிறார் விற்பனையாளர். எதை வாங்குவது?

பதில்: தம்பி, நீங்கள் எடைகளையும் பிரேக் வகையையும் வருமானத்தையும் மறைக்காமல் எழுதியிருப்பதால், என்னால் நேராகவே பதில் சொல்ல முடிகிறது. சிங்கிள் கேப்பை வாங்குங்கள். ஜெனரேட்டருக்கு இப்போது போலவே லாரி பிடியுங்கள். மிச்சமாகும் பணத்தின் முதல் பங்கைப் பந்தல் டிரெய்லரின் பிரேக்குக்குச் செலவிடுங்கள். இந்த முடிவுக்கு நான் வந்த வழியை விளக்க வேண்டும், ஏனென்றால் அந்த 3,500 கிலோ என்ற எண் உங்களை ஒரு தவறான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

ஹைலக்ஸ் 2.8, ரேஞ்சர், டி-மேக்ஸ் 3.0 போன்ற வண்டிகளுக்கு 3,500 கிலோ வரை இழுக்கும் திறன் உண்டு என்று தயாரிப்பாளர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது வண்டியின் திறன் மட்டுமே. சாலையில் எவ்வளவு இழுக்கலாம் என்பதை 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 750 கிலோவுக்கு மேல் 3,500 கிலோ வரை ஜி.வி.எம். உள்ள டிரெய்லரை ஓவர்ரன் பிரேக்கோடு இழுக்க வேண்டுமானால், அந்த ஜி.வி.எம். இழுக்கும் வண்டியின் டேர் எடையை, அதாவது சுமை ஏற்றாத வெற்று எடையை, தாண்டக் கூடாது. தாண்டினால், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும் அதே நேரத்தில் டிரெய்லரின் சக்கரங்களையும் பிடிக்கும் சர்வீஸ் பிரேக் டிரெய்லரில் இருந்தாக வேண்டும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் புதிய டபுள் கேப்பின் டேர் ஏறக்குறைய 2,100 கிலோதான் இருக்கும். உங்கள் ஜெனரேட்டர் டிரெய்லரோ 2,900 கிலோ. அதாவது 760,000 ராண்ட் கொடுத்த மறுநாளும், எந்தச் சுமைக்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அந்தச் சுமையை இப்போதைய பிரேக்கோடு சட்டப்படி இழுக்க முடியாது. விற்பனைக் கூடத்தில் இதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இதே விதி சிங்கிள் கேப்புக்கும் பொருந்தும் என்பதை மறைக்க மாட்டேன். அதன் டேர் இன்னும் குறைவு, பெரும்பாலும் 1,700 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சரியான எண் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்கில் அச்சிடப்பட்டிருக்கிறது, அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகவே 2,000 கிலோ பந்தல் டிரெய்லரும் இப்போதைய பிரேக்கோடு அதன் பின்னால் போகக் கூடாது. இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலில் டிரெய்லரை வழக்கம்போல முழுவதும் ஏற்றி, ஒரு வெயிட்பிரிட்ஜில் நிறுத்துப் பாருங்கள். பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் மணல், ஜல்லி விற்கும் இடங்களிலும் சிறு கட்டணத்துக்கு எடை போட்டுத் தருவார்கள். உண்மையான எடை 1,600 கிலோவுக்குள் நின்றுவிட்டால், டிரெய்லரைக் கட்டித் தந்தவரிடமே ஜி.வி.எம். அளவைக் குறைத்துப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்கலாம். 1,900 என்று காட்டினால் மின்விசையில் இயங்கும் சர்வீஸ் பிரேக் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு டிரெய்லர் பட்டறைகளில் எழுத்து மூலமாக விலை வாங்குங்கள். என் மனத்துக்கு இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது. டவுன் ஹில்லை ஏறும்போது வண்டி திணறுவதைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மூடுபனி இறங்கிய காலை நேரத்தில் அதே சரிவில் இரண்டு டன் பந்தல் கம்பிகள் உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும்போது என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன்.

ஏற்றத்துக்கும் பதில் இருக்கிறது. உங்கள் அப்பாவின் வண்டி போன்ற இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் சாதாரணமாக 180 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் முறுக்கு விசை தரும், அதுவும் எஞ்சின் உயர் வேகத்தில் சுழலும்போதுதான். ஹைலக்ஸ் 2.4 ஜி.டி.-6 டீசல் 400 நியூட்டன் மீட்டரும், டி-மேக்ஸ் 1.9 டீசல் 350 நியூட்டன் மீட்டரும், அதைவிட மிகக் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடுகின்றன. டர்போ இல்லாத எஞ்சின், கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு பலத்தை இழக்கும். ஹில்டன் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டரைத் தாண்டியது. டர்போ எஞ்சினுக்கு இந்த இழப்பு மிகவும் குறைவு. ஆகவே உங்களுக்குத் தேவை பெரிய வண்டியன்று, டர்போ டீசல் எஞ்சின்.

இனி பணக் கணக்குக்கு வருகிறேன். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, காலம் 60 மாதம், முன்பணம் 105,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். புதிய டபுள் கேப்புக்கு மாதத் தவணை 14,570 ராண்ட் வரும். காப்பீடும் டீசலும் சேருவதற்கு முன்பே இது உங்கள் புரட்டாசி வருமானத்தை விழுங்கி, மேலும் ஐயாயிரத்துக்கு மேல் கேட்கிறது. விலையில் 35 விழுக்காட்டை, அதாவது 266,000 ராண்டை, பலூனாகக் கடைசிக்குத் தள்ளினால் தவணை 11,313 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் சுமார் 70,600 ராண்ட் அதிகமாகக் கட்டுவீர்கள், ஐந்தாம் ஆண்டு முடிவில் 266,000 ராண்ட் கடன் அப்படியே நின்று கொண்டிருக்கும். அந்த நாளில், ஐந்து ஆண்டுகள் சுமை இழுத்துத் தேய்ந்த ஒரு வண்டிதான் உங்கள் கையில் இருக்கும். ஆடியிலும் புரட்டாசியிலும் திருமணம் நடக்காத நம் சமூகத்தை நம்பித் தொழில் செய்பவருக்கு, கடைசியில் மொத்தமாகக் கேட்கும் கடன் பொருந்தவே பொருந்தாது. தைப்பூசக் காவடிக்கும் ஈஸ்டர் வார இறுதியில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்கும் கூட்டம் திரளும்போது வரும் பணம், அந்தந்த ஆண்டின் மெலிந்த மாதங்களுக்கே தேவைப்படும்.

சிங்கிள் கேப்பை 350,000 ராண்டுக்குப் பேசி முடியுங்கள். 10,000 ராண்ட் குறைப்பது அரிதான காரியமன்று. முன்பணம் போகக் கடன் 245,000 ராண்ட், தவணை 5,450 ராண்ட். இரண்டு தவணைகளுக்கும் உள்ள வேறுபாடு மாதம் 9,120, ஆண்டுக்கு 109,440. பத்து முறை லாரி பிடிக்க ஆகும் 45,000 ராண்டைக் கழித்தாலும் 64,000 ராண்டுக்கு மேல் உங்களிடமே நிற்கும். லாரிக்காரருக்குக் கொடுக்கும் 4,500 வீணாகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு 2,900 கிலோவின் பொறுப்பையும், அதன் பிரேக்கையும், டயரையும், ஓட்டுநரையும் அவரே சுமக்கிறார். வேலை இல்லாத மாதத்தில் உங்களிடம் ஒரு காசும் கேட்பதில்லை.

கடனை 250,000 ராண்டுக்குக் கீழே நிறுத்தச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, 250,000 ராண்டும் அதற்கு மேலும் உள்ள கடன் பெரிய கடன் ஒப்பந்தம் ஆகிவிடும். அதை முன்கூட்டியே தீர்க்கும்போது மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால், மூன்று மாத வட்டி வரை கட்டணமாகக் கேட்கலாம். அதற்குக் கீழே இருந்தால் எந்த நாளிலும் அபராதமின்றிக் கடனை முடித்துக்கொள்ளலாம். நிறைய வேலை வந்த ஈஸ்டருக்குப் பிறகு கூடுதலாக ஒரு தொகை கட்ட விரும்பும் உங்களைப் போன்றவருக்கு இந்தச் சுதந்திரம் பெரிது.

வாட் கணக்குதான் இந்தக் கேள்வியை முழுவதும் முடித்து வைக்கிறது. வாட் சட்டத்தில் டபுள் கேப் மோட்டார் கார் என்றே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. தொழிலுக்கே ஓட்டினாலும் அதன் விலையிலுள்ள 15 விழுக்காடு வாட் வரியை நீங்கள் திரும்பக் கோர முடியாது. 760,000 ராண்டில் இது ஏறக்குறைய 99,000 ராண்ட். சிங்கிள் கேப் சரக்கு வண்டி என்பதால், முறையான வரி இன்வாய்ஸ் இருந்தால் 350,000 ராண்டில் 45,652 ராண்டைக் கோரலாம். சொந்தத் தேவைக்கும் ஓட்டினால் அந்த அளவுக்குத் தொகை குறையும், ஆகவே முதல் நாளிலிருந்தே லாக்புக் எழுதுங்கள். அந்தப் பணம் வந்ததும் அப்படியே கடனில் கட்டிவிட்டு, தவணையைக் குறைக்காமல் தொடர்ந்தால், ஐந்தாண்டுக் கடன் ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே தீரும்.

குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பின் இருக்கைக்காக மட்டும் மாதம் ஒன்பதாயிரம் ராண்ட் கொடுப்பதைவிட, இரண்டு ஆண்டுகள் கழித்து நல்ல நிலையிலுள்ள ஒரு சிறிய காரைக் கையிலிருக்கும் பணத்தில் வாங்குவது உங்கள் பிள்ளைகளுக்கு நன்மை.

வாங்கும் முன் வண்டியை உங்கள் சொந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டோ பார் இருந்த வண்டியென்றால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சர்வீஸ் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதிகள் விடுபடாமல் இருக்கின்றனவா, கடற்காற்றில் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உரிமையாளர் கையேட்டிலுள்ள இழுவைத் திறனையும், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கான ஜி.சி.எம். எண்ணையும் நீங்களே படித்துப் பாருங்கள். பின்பெட்டியில் அண்டாக்களை நிரப்பிக்கொண்டு டிரெய்லரையும் முழுத் திறனுக்கு இழுக்கப் பல வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தனியாரிடம் வாங்காமல் டீலரிடம் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன், ஏனென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆறு மாத உத்தரவாதம் தனியார் விற்பனைக்குக் கிடையாது. கையில் மிஞ்சும் 25,000 ராண்டைப் பிரேக்குக்கும் டயருக்கும் என்று ஒதுக்கிவிடுங்கள். வண்டிக்கு அலங்காரப் பொருள் எதையும் கடனில் சேர்க்க விடாதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது, தொழிலுக்காக டிரெய்லர் இழுக்கிறேன் என்று எழுத்திலேயே தெரிவித்து, டிரெய்லரையும் அதிலுள்ள பொருளையும் தனித்தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். விதிக்கு மீறிய எடையோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். சாலை விபத்து நிதியோ உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே இழப்பீடு தரும், இடித்த காருக்குத் தராது. 2021 ஜூலையில் டர்பன் கண்ட கலவரத்துக்குப் பிறகு, கலவரச் சேதத்துக்கான சாஸ்ரியா பாதுகாப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசியாக, 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுத்து ஓட்ட சாதாரண இலகு வாகனத்துக்கான கோட் பி உரிமம் போதாது, கோட் ஈ.பி. வேண்டும். உங்களிடம் அது இருக்கலாம். ஆனால் விழா நாளில் உங்களுக்குப் பதிலாக வண்டியை எடுக்கும் உதவியாளரின் உரிமத்தை இந்த வாரமே வாங்கிப் பாருங்கள், இல்லையென்றால் அவருக்கான தேர்வுக் கட்டணத்தையும் அந்த 25,000 ராண்டிலிருந்தே கட்டுங்கள்.