செப்டம்பர் 17: வாசகர் கேள்விகள்

கேள்வி: செப்டம்பர் 17 என்றாலே எங்கள் வீட்டில் பெரியார் பிறந்தநாள்தான். அதே நாளில் வேறு யாரெல்லாம் பிறந்திருக்கிறார்கள்? (வாசகி, ஈரோடு)

பெரியார் பிறந்த ஊரிலிருந்தே கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். அவர் பிறந்தது 1879-ல். 1949-ல் தி.மு.க. தொடங்கியதும் இதே தேதியில்தான். ஓவியர் எம்.எஃப். உசேன் (1915), பிரதமர் மோடி (1950), நம்ம அஸ்வின் (1986) எல்லோருக்கும் பிறந்தநாள் இதுதான்.

ஆனால் இந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு நினைவு போவது 1906-ல் கொழும்பில் பிறந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனாவிடம். 1951 செப்டம்பரில் ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை போட சான் பிரான்சிஸ்கோவில் ஐம்பது நாடுகளுக்கு மேல் கூடியபோது, இலங்கை நிதியமைச்சராகப் போயிருந்த இவர் எழுந்து, எங்களுக்கு நஷ்ட ஈடு வேண்டாம், பகை பகையால் தணியாது அன்பால்தான் தணியும் என்பது புத்தர் வாக்கு என்று பேசினார். கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு பத்து வருஷம்கூட ஆகவில்லை அப்போது. ஜப்பான்காரர்கள் அதை மறக்கவே இல்லை, காமகுராவில் பெரிய புத்தர் சிலை இருக்கும் கோயிலில் அவருக்கு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள்.

அதே மனிதர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள், வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள். கலவரம் தொடங்கி நாலைந்து நாள் கழித்து, 28-ம் தேதிதான் அவர் நாட்டு மக்களிடம் பேசினார். அந்தப் பேச்சிலும் செத்துப்போன தமிழர்களுக்காக ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. ஜப்பானுக்காக நினைவுக்கு வந்த புத்தர் வாக்கு, சொந்த நாட்டுத் தமிழனுக்காக ஏன் வரவில்லை? எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

கேள்வி: மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். 'கேம்ப் டேவிட் ஒப்பந்தம், 17.9.1978' என்று புத்தகத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. அப்படி என்ன நடந்தது? (வாசகர், திண்டுக்கல்)

எகிப்தும் இஸ்ரேலும் 1948-லிருந்து 1973-க்குள் நான்கு பெரிய போர்களில் மோதியவை. 1967-ல் சினாய் தீபகற்பம் முழுவதும் இஸ்ரேல் கைக்குப் போய்விட்டது. அமெரிக்க அதிபர் கார்ட்டர் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் மேரிலாந்து மலைக்காட்டில் இருக்கும் தன் ஓய்வு இல்லமான கேம்ப் டேவிட்டுக்கு அழைத்துப் போய் 13 நாள் வைத்திருந்தார். முதல் சில நாளிலேயே இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச முடியாத நிலை, அப்புறம் கார்ட்டரே குடிலுக்குக் குடில் நடந்து தூது போனார். நடுவில் சதாத் பெட்டி கட்டிவிட்டார், அவரைச் சமாதானப்படுத்தினால் கடைசி நாள் ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் பெகின் கையெழுத்து போட மாட்டேன் என்றார்.

பெகின் தன் பேரப்பிள்ளைகளுக்காக மூன்று தலைவர்களும் இருக்கும் படத்தில் கார்ட்டரின் கையெழுத்து கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் விசாரித்து, படத்துக்கு ஒரு பெயராகத் தன் கையால் எழுதி, பெகின் தங்கியிருந்த குடிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். பெகின் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கும்போது உதடு நடுங்கியது, கண் கலங்கிவிட்டது. படத்தால் மட்டும் காரியம் முடியவில்லை, கடிதத்தின் வாசகத்தையும் கார்ட்டர் மாற்றினார். ஆனால் மனம் இளகியது அந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். அன்று இரவே வெள்ளை மாளிகையில் கையெழுத்தானது. அடுத்த மார்ச்சில் முழு சமாதான உடன்படிக்கை, 1982 ஏப்ரலில் சினாயிலிருந்து இஸ்ரேல் வெளியேற்றம்.

இதற்கு சதாத் கொடுத்த விலை உயிர், 1981-ல் ராணுவ அணிவகுப்பிலேயே சுட்டுக் கொன்றார்கள். பாலஸ்தீனர்களுக்குச் சுயாட்சி என்று எழுதிய பகுதி காகிதத்தோடு நின்றது, அவர்கள் பேச்சுவார்த்தையில் இல்லவே இல்லை. மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஐ.நா. அனுப்பிய முதல் சமரசத் தூதர், ஸ்வீடனைச் சேர்ந்த பெர்னடோட், ஜெருசலேமில் யூதத் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும் செப்டம்பர் 17-தான், 1948-ல். சரியாக 30 வருஷம் முன்னால்.

கேள்வி: இரண்டு கொரியாக்களும் ஒரே நாளில் ஐ.நா.வில் சேர்ந்தனவாமே? (வாசகர், சிவகாசி)

ஆமாம், 1991 செப்டம்பர் 17. தனித்தனியாகச் சேர்ந்தால் பிரிவினை நிரந்தரமாகிவிடும் என்று வடகொரியா பல வருஷம் மறுத்துவந்தது. சோவியத் யூனியன் 1990-லேயே தென்கொரியாவோடு உறவு வைத்துக்கொண்டது, சீனாவும் இனி தடுக்காது என்று தெரிந்ததும் வடகொரியாவுக்கு வேறு வழி இல்லை. ஆங்கில அகரவரிசைப்படி வடக்கு 160-வது உறுப்பினர், தெற்கு 161. 1940-ல் சோவியத் விழுங்கிய எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றும் அதே நாளில்தான் ஐ.நா. உறுப்பினர்களாயின, தங்கள் சொந்தப் பெயரிலேயே.