விசைப்பலகைக்கு எதற்கு இணையதளம்?

கேள்வி: புதிய விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைக் கன்ட்ரோல் விசையாக மாற்ற விரும்பினேன். இதற்குத் தனி மென்பொருள் இல்லை, நிறுவனத்தின் இணையதளத்தில்தான் மாற்ற வேண்டும் என்கிறது கையேடு. ஃபயர்பாக்ஸில் அந்தத் தளம் திறக்கிறது. ஆனால் ‘இணைக்கவும்’ என்ற பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. மேசைமேல் இருக்கும் பொருளுக்கு இணையமும் இன்னொரு உலாவியும் எதற்கு?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானதுதான், ஆனால் விசைப்பலகையில் பழுது ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. இத்தகைய தளங்கள் பெரும்பாலும் ‘வெப்ஹெச்ஐடி’ என்ற வசதியின் வழியாகவே கருவியுடன் பேசுகின்றன. 2021-இல் குரோமின் 89-ஆம் பதிப்போடு வந்த இவ்வசதி, அதே அடித்தளத்தில் இயங்கும் எட்ஜ் உலாவியிலும் உண்டு. ஒரு வலைப்பக்கம் கருவிகளை நேரடியாகத் தொடுவது பாதுகாப்புக்கு ஆபத்து என்று கருதி ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இதை ஏற்கவில்லை. லினக்ஸில் வேறொரு தடையும் வரலாம்: குரோமின் பட்டியலில் விசைப்பலகையின் பெயர் தெரியும், தேர்ந்தெடுத்தாலோ இணைப்பு கிடைக்காது. சாதாரணப் பயனருக்கு அக்கருவியைத் திறக்கும் அனுமதி இல்லாததே காரணம். எந்தக் கருவியை யார் திறக்கலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ‘யூடெவ்’ விதி ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்றுக்கும் தனித்தனியே மென்பொருள் எழுதிப் பராமரிப்பதைவிட ஒரே வலைப்பக்கம் நிறுவனத்துக்கு எளிது. கணினியைத் திறந்த கணமே பின்னணியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் கனத்த மென்பொருள்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால், எனக்கும் வலைப்பக்கமே மேல் என்று தோன்றுவதுண்டு. நீங்கள் தட்டச்சு செய்வதை அப்பக்கம் இவ்வசதியின் வழியாக ஒட்டுக்கேட்கவும் முடியாது. சாதாரண விசை அழுத்தங்களைக் குரோம் அதற்குக் கொடுப்பதில்லை. என்னால் ஏற்க முடியாதது, அந்தத் தளத்தைத் தவிர வேறு வழியே வைக்காத போக்கைத்தான், ஏனெனில் நிறுவனம் நாளை தளத்தை மூடிவிட்டால், நல்ல நிலையில் உள்ள விசைப்பலகையிலும் நீங்கள் கடைசியாக வைத்த அமைப்பே நிலைத்துவிடும். ஆகவே, அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி தளத்தில் இருந்தால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மாற்றம் கருவியின் நினைவகத்திலேயே பதிந்ததா என்பதை, விசைப்பலகையை வேறொரு கணினியில் செருகிப் பார்த்தால் அறியலாம். அடுத்த முறை வாங்கும்போது விசைகளை மாற்றியமைக்க உதவும் ‘வயல்’ மென்பொருளை ஏற்கும் விசைப்பலகையா என்று பாருங்கள். அதற்கு இணையம் இல்லாமலே இயங்கும் தனிச் செயலி உண்டு.

இத்தனையும் சொன்னாலும், உங்களுக்கு வேண்டிய அந்த ஒரே மாற்றத்துக்கு நிறுவனத்தின் தயவே தேவையில்லை. மேக்கில் விசைப்பலகை அமைப்புகளிலேயே கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் ‘பவர்டாய்ஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸில் க்னோம் என்ற திரைச்சூழலைப் பயன்படுத்தினால் ‘ட்வீக்ஸ்’ செயலி போதும். ஆனால் இம்மாற்றம் அந்தக் கணினியோடு நின்றுவிடும், விசைப்பலகையோடு கூடவே வராது.