மெல்பர்ன் பாறைக்குட்டை மீனைச் செங்காங் வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மெல்பர்ன் சென்றிருந்தோம். ரிக்கெட்ஸ் பாயிண்ட் கடற்கரையில் தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், பாறைக்குட்டை ஒன்றில், காலிச் சிப்பிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த விரல் நீள மீனைக் கண்டோம். கண்களுக்கு மேல் மான்கொம்பு போலக் கிளைத்த இழைகள் இருந்தன. அன்றிலிருந்து பத்து வயது மகள் அதையே வளர்க்க வேண்டும் என்கிறாள். சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீவக அடுக்குமாடி வீட்டில் 60 லிட்டர் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. இணையத்தில் மீன் விற்கும் ஒருவர், அதே வகைக் குளிர்க்கடல் மீனை வரவழைத்துத் தருவதாகவும், நாளுக்கு ஒரு டிகிரியாக வெப்பத்தை ஏற்றினால் நம் ஊர்த் தண்ணீருக்குப் பழகிவிடும் என்றும் சொல்கிறார். அங்கே தண்ணீரும் அவ்வளவு குளிராக இல்லை. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். விற்பவர் சொல்லும் வழி பலிக்காது. சில வாரங்களுக்குப் பலிப்பதுபோலத் தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆனால் உங்கள் மகள் விரும்பியது துளைக்குள் குடியிருந்து தலையை நீட்டி வெளியே பார்க்கும் ஒரு மீனோடு பழகுவதை என்றால், அதற்கு அதே 60 லிட்டர் தொட்டி போதும். ஏன் அந்த மீன் கூடாது, எந்த மீன் கூடும் என்று இரண்டையும் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது பிளென்னி குடும்பத்து மீன். உலகக் கடல்களில் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 400 இனங்கள் உள்ளன. பலரும் இவற்றை உளுவை என்று நினைத்துவிடுகிறார்கள். உளுவைக்கு முதுகில் பெரும்பாலும் இரண்டு துடுப்புகள் இருக்கும். வயிற்றுத் துடுப்புகள் ஒன்றோடொன்று இணைந்து கிண்ணம் போலாகிப் பாறையில் ஒட்டிக்கொள்ள உதவும். பிளென்னிக்கு முதுகு நெடுக ஒரே துடுப்புதான். வயிற்றுத் துடுப்புகள் தொண்டைக்கு அடியில் இரண்டு குச்சிக்கால்கள் போல நிற்கும். வளர்ந்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்குக் காற்றுப்பை இல்லாததால், நீந்துவதை நிறுத்திய கணமே அவை கீழே அமர்ந்துவிடும். செதில் இல்லாத உடலை வழவழப்பான சளி மூடியிருக்கும். பிளென்னி என்ற பெயரே சளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கிளைத்த இழைகள், விரல் நீளம், காலிச் சிப்பிக்குள் குடித்தனம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், நீங்கள் கண்டது பெரும்பாலும் டாஸ்மேனிய பிளென்னியாக இருக்கும். தென் ஆஸ்திரேலியக் கரைகளில், பாறை இடுக்குகளிலும் படகுத்துறைத் தூண்களிலும் வாழ்கிற இந்த மீன் சுமார் 13 செண்டிமீட்டர் வரை வளரும்.

இனி, தண்ணீர் குளிராக இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பார்ப்போம். நீங்கள் சென்றது அங்கே கோடைக்காலம். மெல்பர்ன் அமைந்திருக்கும் போர்ட் ஃபிலிப் விரிகுடாவில் கோடையில் கடல்நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 10, 11 டிகிரி வரை இறங்கியும் இருக்கும். அதாவது அந்த மீனுக்கு மிகவும் சூடான பருவத்தில்தான் நீங்கள் அதைப் பார்த்தீர்கள். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலோ ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரி வரை இருக்கிறது. குளிர்சாதனம் இல்லாத வரவேற்பறையில், விளக்கும் நீரேற்றியும் ஓடும் தொட்டி 30 டிகிரியைத் தொடுவது சர்வசாதாரணம். அந்த மீனின் கோடை உச்சத்துக்கும் நம் வீட்டுத் தொட்டியின் சாதாரண நாளுக்கும் இடையே 8 முதல் 10 டிகிரி இடைவெளி இருக்கிறது.

இந்த இடைவெளியைப் பழக்கத்தால் கடக்க முடியாததற்குக் காரணம் மூச்சு. கடல்நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான். அதே நேரம் மீனின் உடல் சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே தன் வெப்பமாகக் கொள்வதால், 10 டிகிரி ஏறும்போது அதன் உடலியக்கம் தோராயமாக இரண்டு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு இரட்டிப்பாகும் நிலை இது. ஒவ்வோர் இனத்தின் இதயமும் செவுள்களும் நொதிகளும் அது வாழும் கடலின் வெப்ப வரம்புக்குள் வேலை செய்யும்படி பல தலைமுறைகளாக அமைந்தவை. 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு மெல்ல ஏற்றினால் டாஸ்மேனிய பிளென்னி பழகிக்கொள்ளும் என்பது உண்மை. ஆண்டுதோறும் கடலில் அது செய்வதே அதுதான். அந்த உண்மையை 30 டிகிரி வரை நீட்டுவதில்தான் விற்பவரின் தவறு இருக்கிறது.

முதல் சில வாரங்கள் ஏமாற்றும் என்றேன். வெப்பம் ஏறியதும் இத்தகைய மீன் முன்பைவிட வேகமாக நீந்தும், அதிகமாகத் தின்னும், துளையைவிட்டு வெளியிலேயே திரியும். மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று வீட்டார் நினைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பிடோக்கில் ஒரு வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் குளிர்ந்த கரையில் வாழும் நீலவரி உளுவை என்ற சிவந்த சிறு மீன்கள் மூன்றை, வெப்பமண்டல மீன் என்று கடையில் சொல்லி விற்றிருந்தார்கள். நான் போனபோது தொட்டி 28 டிகிரியில் இருந்தது. பாறை முழுக்க நல்ல துளைகள் இருந்தும் மூன்றில் ஒன்றுகூடத் துளைக்குள் இல்லை. நீரேற்றியின் வாயிலிருந்து தண்ணீர் பாயும் இடத்தில், கண்ணாடியோடு ஒட்டி வரிசையாக நின்றன. செவுள் மூடிகள் அடித்துக்கொண்ட வேகத்தில் என்னால் எண்ண முடியவில்லை. குளிர்விக்கும் கருவி இல்லாத வீட்டில் அவற்றை உடனே குளிர்விக்கவும் வழியில்லை. அந்த மாதம் முடிவதற்குள் மூன்றும் போய்விட்டன. ஒளிந்து வாழப் பிறந்த மீன் ஒளியாமல் நிற்பதே மூச்சுத் திணறலின் அடையாளம் என்பதை அந்தத் தொட்டி எனக்கு மறக்க முடியாதபடி காட்டியது. உங்கள் வீட்டுப் பிள்ளை அதைப் பார்க்க வேண்டாம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நீர் குளிர்விப்பான் வாங்கி வைத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். கொள்கையளவில் ஆகும். 29 டிகிரி அறையில் ஒரு தொட்டியை 15 டிகிரியில் வைத்திருக்க, 200 வாட் எடுக்கும் குளிர்விப்பான் நாளுக்கு 12 மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், மாதத்துக்கு 72 யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தாலும் மாதம் 21 வெள்ளிக்கு மேல். செலவைவிடப் பெரிய தொல்லை கண்ணாடி வியர்ப்பது. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரம் 24 டிகிரியை ஒட்டிய பரப்பிலேயே நீராகப் படியத் தொடங்குகிறது. 15 டிகிரித் தொட்டியின் நான்கு பக்கமும் இரவும் பகலும் நீர் வழிந்து, மரப்பெட்டி ஊறிப் பூஞ்சை பிடிக்கும், கீழே மின்செருகி இருந்தால் உயிராபத்தும் உண்டு. இதைத் தடுக்கத் தடித்த அக்ரிலிக் தொட்டியோ இரட்டைக் கண்ணாடியோ வேண்டும். குளிர்ந்த நீரில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகுவதால், தொட்டி பக்குவப்படவும் அதிக காலமாகும். ஒரே ஒரு நாள் இயந்திரம் நின்றால் அத்தனையும் வீண். பொது மீன்காட்சியகங்களில் இதற்கென்று மாற்று இயந்திரமும் இரவுக் காவலும் இருக்கின்றன, வீட்டில் இருக்காது. என் கருத்தில், குடும்பத்தின் முதல் கடல்நீர்த் தொட்டிக்கு இது ஏற்றதன்று.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிக்கெட்ஸ் பாயிண்ட் 2002 முதல் கடல் சரணாலயம். அங்கிருந்து மீனையோ சிப்பியையோ எடுக்கக் கூடாது. சிங்கப்பூருக்குள் அலங்கார மீன்களைக் கொண்டுவருவதைத் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை ஒழுங்குபடுத்துகிறது. அனுமதி ஆவணத்தைக் காட்ட முடியாதவரிடம் எந்த வெளிநாட்டு மீனையும் வாங்காதீர்கள்.

இனி வளர்க்கக்கூடியதைப் பார்ப்போம். பிளென்னிக்குக் குளிர்க்கடல், வெப்பக்கடல் என்ற வேறுபாட்டைத் தாண்டிப் பொதுவான தேவை ஒன்று உண்டு: தன் உடலுக்கு அளவான துளை. ஆண் மீன் துளையைச் சுத்தம் செய்து வைத்துப் பெண்ணை அழைக்கும். பெண் உட்சுவரில் முட்டைகளை ஒற்றை அடுக்காக ஒட்டிவிட்டுப் போனபின், குஞ்சு பொரியும்வரை துடுப்பால் விசிறிக் காவல் இருப்பது ஆண்தான். போர்ச்சுகலின் தென்கரையில் ரியா ஃபோர்மோசா என்ற காயலில் மயில் பிளென்னி வாழ்கிறது. அங்கே பாறை இல்லாததால் துளைகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. சிப்பி வளர்ப்போர் போட்ட செங்கற்களின் துளைகளே வீடு. வீடு உள்ள ஆண்கள் அவ்வளவு குறைவு என்பதால், அங்கே ஆணைத் தேடிச் சென்று அழைப்பவை பெண் மீன்கள். துளை எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

உங்கள் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது, கடைகளில் வாற்புள்ளி பிளென்னி என்ற பொருளில் டெயில்ஸ்பாட் என்று அழைக்கப்படும் மீன். பிலிப்பீன்ஸ், கிழக்கு இந்தோனீசியப் பவளப்பாறைகளைச் சேர்ந்தது. 6 செண்டிமீட்டருக்கு மேல் வளராது. தலையை நீட்டி, கண்களை வெவ்வேறு திசையில் உருட்டிப் பார்க்கும் அதே குணம் இதற்கும் உண்டு. கடையில் பாசி தின்னும் பிளென்னி என்று பெரிய புள்ளி மீன் ஒன்றைக் காட்டுவார்கள். அது 14 செண்டிமீட்டர் வரை வளர்வதோடு, பாறைமேல் படியும் பாசியையும் மக்கிய கழிவையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்று வாழ்வது. 60 லிட்டர் தொட்டியில் பாசி தீர்ந்ததும் மெலிந்து செத்துவிடும். அதை வாங்க வேண்டாம்.

ஒரே ஒரு மீன் போதும். பாறைகளை அடுக்கும்போது, ஒன்று முதல் ஒன்றரை செண்டிமீட்டர் விட்டமுள்ள துளைகள் நான்கைந்து, வெவ்வேறு உயரத்தில், உங்கள் மகளின் கண்மட்டத்தை நோக்கி அமையட்டும். பாறையில் துளை இல்லையென்றால் மெல்லிய பிவிசி குழாய்த் துண்டுகளைச் சொருகலாம். வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் 2 டிகிரி வரை குறையும். வீடு அதிகம் சூடானால் சிறு குளிர்விப்பான் தேவைப்படும், ஆனால் இந்த அளவுக் குளிர்ச்சியில் கண்ணாடி வியர்க்காது. விசிறியால் ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத சுத்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். ஆவியாவது நீர்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். தொட்டிக்கு மேல் வலைமூடி கட்டாயம், ஏனென்றால் பிளென்னிகள் துள்ளி வெளியே விழும். கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம், மீன் வாங்காமல் தொட்டியைப் பக்குவப்படுத்துங்கள். கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது வயிறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கண்முன் அதற்குத் தீனி போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ட பிறகே பணம் கொடுங்கள். காய்ந்த கடற்பாசித் தாள், ஸ்பைருலினா என்ற நுண்பாசி கலந்த தீனி, வாரம் இருமுறை உறைந்த சிற்றிறால் போதுமானவை. செதில் இல்லாத மீன் என்பதால் ஒட்டுண்ணிகளுக்கான தாமிர மருந்தை நீங்களாகவே ஊற்ற வேண்டாம். என்றாவது வளர்க்க முடியாமல் போனால் கடலில் விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். நம் பகுதிப் பிளென்னி இனம் ஒன்றே கப்பல்களோடு பயணித்து அட்லாண்டிக் கரைகளில் குடியேறிவிட்டது. இவ்வளவு சிறிய மீனால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட முடியாது.

தொட்டி பக்குவமாகும் அந்த ஆறு வாரத்தில் மகளைச் சாங்கி கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் கரைகளிலும் பிளென்னிகள் இருக்கின்றன. கடற்புல்லுக்கும் மிதக்கும் பாசிக்கும் இடையே கோரைப்பல் பிளென்னியும், சிப்பி ஓடுகளுக்குள் அதைவிடச் சிறிய இனங்களும் வாழ்கின்றன. நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, 0.4 மீட்டருக்குக் கீழ் இறங்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். ஆண்டின் நடுப்பகுதியில் அந்த நேரம் பொழுது விடியுமுன்னும், ஆண்டிறுதியில் மாலையிலும் வரும். கல்மீனின் நச்சு முள் இருப்பதால் கணுக்கால்வரை மூடிய காலணி அணிய வேண்டும். கோரைப்பல் பிளென்னி கடிக்கும் என்பதால் கையால் பிடிக்க வேண்டாம். காலிச் சிப்பி ஒன்றின் வாயில் கைவிளக்கைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, நிழல் விழாதபடி இரண்டு நிமிடம் அசையாமல் குந்தியிருக்கச் சொல்லுங்கள். உள்ளே குடியிருப்பு இருந்தால், முதலில் ஒரு கண்ணும், பிறகு தலையும் வெளியே வரும்.